பாயசம் கேட்டா ரசம் நிக்காது

தோ பாரு கண்ணு, இப்படி குந்து. பெஞ்சு காஞ்சுதான் கீது. பருத்திப்பட்டு ஏரி இன்னிக்குப் பூங்கா. நான் சின்னப் பையனா இருந்தப்போ இங்க மாடு குளிச்சுது. இப்ப மனுஷன் ஷூ மாட்டிகினு சுத்திச் சுத்தி வர்றான். மாட்டுக்கு மூச்சு வாங்கல. இவனுக்கு வாங்குது.

இன்னா, மூஞ்சி தொங்குது? பிளஸ் டூ ரிசல்ட்டா? ஃபெயிலா? இல்லியே! பாஸாயிட்டு அழறவன இந்தக் காலத்துலதான் பாக்குறேன். எங்க காலத்துல ஃபெயிலானவனே இட்லி துன்னுட்டுத்தான் அழுதான்.

புரியுது. காலேஜ் சேரணும். வூட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. போன்ல ஒரு நாளைக்கு முப்பது கால். "சார், உங்க பையனுக்கு சீட் ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கோம்"னு. உன் பேரே அவனுக்குத் தெரியாது, சீட்ட யாருக்கு வெச்சானாம்? உன் நம்பர் அவன் கைக்கு எப்படிப் போச்சு? அத மொதல்ல கேளு. கேட்டா டொக்குனு வெச்சுடுவான். முப்பது காலும் முப்பது நொடியில முடியும்.

போன வாரம் இதே பெஞ்சுல என் பக்கத்துல ஒருத்தன் வந்து குந்துனான். கழுத்துல பட்டை, கையில டேப்லெட்டு. "அங்கிள், உங்க பேரனுக்கு கேரியர் ரோட்மேப் இருக்கா?"ன்னான். மழை பேஞ்சா ரோடே தெரியாத ஊரு இது, மேப்ப வெச்சிகினு இன்னா பண்றதுன்னேன். சிரிக்கல அவன். சிரிக்காத ஆளுகிட்ட உஷாரா இரு. சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு மூணு பேக்கேஜ் வெச்சிருந்தான். நகைக்கடையானு கேட்டேன். சில்வர்ல ஃபாரம் ஃபில்லப் பண்ணிக் குடுப்பானாம். கோல்டுல போன்ல பேசுவானாம். பிளாட்டினம் எடுத்தா பையனுக்கு எதுல பேஷன்னு கண்டுபுடிச்சுக் குடுப்பானாம்.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாசனம்தான் தம்பி, தோ இந்த ஏரித் தண்ணிதான் அதுக்குப் போச்சுன்னேன். எழுந்து போயிட்டான்.

இந்த ஆவடி எப்பேர்ப்பட்ட ஊருன்னு தெரியுமா? 1955ல காங்கிரஸ் மாநாடு இங்கதான் நடந்துச்சு. நேரு வந்தாரு. நாட்டுல சமதர்ம பாணி சமுதாயம் அமைக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. எனக்கு அப்ப நாலு வயசு. எங்கப்பன் தோள்ல குந்திகினு பாத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறேன். நெசத்த சொன்னா, தூங்கியிருப்பேன். எல்லாரும் சமம்னு தீர்மானம் போட்ட ஊர்ல இன்னிக்கு ஃபாரம் ஃபில்லப் பண்ண பிளாட்டினம் பேக்கேஜ்!

அந்த ஃபாரம்தான் எவ்ளோ கஷ்டம்? பேரு, அப்பன் பேரு, பள்ளிக்கூடம், மார்க்கு, சாதி, வருமானம். இன்ஜினியரிங் சேர்க்கைக்கு டி.என்.இ.ஏ.ன்னு கவுருமென்ட்டே நடத்துது. பதிவுக் கட்டணம் ஐந்நூறு ரூபா. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கு எரநூத்தம்பது. வூட்ல கம்ப்யூட்டர் இல்லியா? உதவி மையம்னு ஊரு ஊருக்கு வெச்சுகீறாங்க. அங்க போனா காசு வாங்காம பதிஞ்சு குடுப்பாங்க. கவுருமென்ட்டு கலைக் கல்லூரிக்கு அம்பது ரூபா. எஸ்.சி., எஸ்.டி.க்கு ரெண்டே ரூபா. நம்மூரு ஸ்டேஷன்ல மின்சார ரயில் ஏறுனா 1840ல தொறந்த மாநிலக் கல்லூரிக்கும் போலாம், பொண்ணுங்கன்னா 1914ல தொறந்த ராணி மேரிக்கும் போலாம். ரெண்டு ரூபாய்க்கு இன்னிக்கு டீக்கடையில டீய மோந்து பாக்கக்கூட வுடமாட்டான்.

ஆனா இலவசம்னா நம்ம ஜனத்துக்கு ஆவாது. காசு குடுத்தாத்தான் நல்லதுன்னு ஒரு நெனப்பு. வாசல்ல வேப்பமரம் நிக்கும், மெடிக்கல் ஷாப்புல வேப்பெண்ணெய் சோப்பு வாங்குவான்.

சரி, கணக்குக்கு வருவோம். உன் மார்க்கு இன்னா? கணக்கு 92. பிசிக்ஸ் 84. கெமிஸ்ட்ரி 88. கணக்க அப்படியே வெச்சுக்கோ. மத்த ரெண்டையும் பாதியாக்கு. 92, 42, 44. கூட்டு. 178. எரநூத்துக்கு 178. அவ்ளோதான் உன் கட்-ஆஃப். தமிழும் இங்கிலீஷும் இந்தக் கணக்குல வராது. மணல்ல குச்சியால போட்டு முடிச்சிட்டேன் பாரு. இதுக்குப் போயி ஒருத்தன் செயலி வெச்சிகினு காசு வாங்குறான், அதுக்கு ரிவ்யூ வேற எழுதுறாங்க!

ஒரே கட்-ஆஃப் அம்பது பேரு வாங்கிட்டா? அப்ப கணக்கு மார்க்கு யாருக்கு ஜாஸ்தின்னு பாப்பான். அப்பால பிசிக்ஸ். இப்படியே போயி எல்லாம் சமமாவே இருந்தா வயசுல மூத்தவனுக்கு முன்னாடி எடம். வயசுக்கு மரியாத குடுக்கறது இந்த நாட்டுல அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் கண்ணு. பஸ்ஸுல எவன் எழுந்து எடம் குடுக்கறான்? பொறந்த தேதியும் ஒண்ணா இருந்தா ரேண்டம் நம்பரு. அதுக்கு மேல அந்த ஆண்டவன்கூட சிபாரிசு பண்ண முடியாது.

இதெல்லாம் லேசா வந்துடல. நான் பதினொண்ணாவதோட எஸ்.எஸ்.எல்.சி. முடிச்ச ஆளு. அப்ப மேல படிக்கணும்னா பி.யூ.சி. அப்பால பிளஸ் டூ வந்துச்சு. 1980ல மொத பரீட்சை. 1984ல இன்ஜினியரிங்குக்கும் டாக்டருக்கும் நுழைவுத் தேர்வு வெச்சாங்க. வெச்ச மறுநாளே கோச்சிங் சென்டர் போர்டு மொளச்சுது, மழைக்கு மொளச்ச காளான் கணக்கா. அப்பால 2006ல சட்டம் போட்டு நுழைவுத் தேர்வ எடுத்தாங்க. போர்டெல்லாம் சுருட்டிகினு போனான். போயிட்டான்னு நெனச்சேன். 2017ல நீட்டு வந்து குந்துச்சு. அதே போர்டு, புதுப் பெயின்ட்டு. இப்ப ஆறாங்கிளாஸ் புள்ளைக்கு "ஃபவுண்டேஷன்"னு ஆரம்பிச்சுட்டான். ஆறாங்கிளாஸ் புள்ளைக்கு இன்னாடா ஃபவுண்டேஷன்? அது வூட்டுக்குப் போடறது. புள்ளைக்குப் போட வேண்டியது சோறு.

1997லதான் ஒற்றைச் சாளரம்னு வந்துச்சு. ஒரே ஜன்னல், எல்லா காலேஜும் அந்த ஜன்னலுக்குள்ள. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு காலேஜு வாசலா ஃபாரம் வாங்கிகினு அலஞ்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு என் பெரியவன இஸ்துகினு கிண்டிக்குப் போனேன், அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. சோத்து மூட்டை, தண்ணி பாட்டிலு, கூட மச்சான் வேற. உள்ள டிவி பொட்டியில எந்தக் காலேஜுல எத்தினி சீட்டு பாக்கின்னு ஓடிகினே கீது. எங்களுக்குள்ள சண்டை. மச்சான் எலெக்ட்ரானிக்ஸ்ங்கறான், நான் மெக்கானிக்கல்ங்கறேன், பையன் வாயே தொறக்கல. பேசி முடிக்கிறதுக்குள்ள பொட்டியில நாலு சீட்டு போயிடுச்சு. கேட்டுக்கு வெளிய தரகனுங்க நோட்டீஸ் குடுத்துகினு நின்னானுங்க. 2018ல எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு. அந்தத் தரகன் எங்க போனான்? உன் போனுக்குள்ள போயிட்டான்.

இப்ப நல்லா கேளு. எல்லாரும் கவுந்து வுழுற எடம் இதான். சாய்ஸ் ஃபில்லிங். எந்தக் காலேஜு, எந்தப் பாடம்னு வரிசையா நீ எழுதிக் குடுக்கணும். எத்தினி வேணும்னாலும் எழுதலாம், கணக்கு கெடையாது. எங்க எதிர் வூட்டுப் பையன் ஏழே ஏழு எழுதுனான். ஏன்டான்னு கேட்டா, "ஜாஸ்தி போட்டா மதிப்பு கொறஞ்சிடும்னு அண்ணன் சொன்னாரு"ன்னான். யாரு அந்த அண்ணன்? கோல்டு பேக்கேஜ் அண்ணன். ஏழும் அவனுக்கு முன்னாடி ரேங்க்ல நின்னவங்களுக்குப் போச்சு. அந்த ரவுண்டுல பையனுக்கு ஒண்ணும் வரல. அடுத்த ரவுண்டு வரைக்கும் அவங்கம்மா சாமிக்கு வேண்டிகினே கெடந்துச்சு.

இன்னொரு கூத்து கீது. "இந்தக் காலேஜு எனக்கு கெடைக்காது, அதனால மேல எழுதல. கெடைக்கிறத மொதல்ல எழுதிட்டேன்"ங்கறான். ஏன்டா, கல்யாணப் பந்தியில குந்திகினு கீற. பாயசம் இருக்கான்னு கேக்குற. இருந்தா ஊத்துவான். தீந்துபோச்சுனா இல்லம்பான். பாயசம் கேட்ட பாவத்துக்கு உனக்கு ரசம் கெடையாதுன்னு எழுப்பி வுட்ருவானா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். உன் முறை வந்தா உன் பட்டியல மேலருந்து கீழ படிக்கும். மொதல்ல எழுதுனது காலியா இருந்தா குடுக்கும். இல்லாட்டி அடுத்தத பாக்கும். மேல ஆசைய எழுதுனதால கீழ ஒண்ணும் கொறயாது. ஆனா ரசத்த மொதல்ல எழுதிட்டேன்னு வை, ரசத்த ஊத்திட்டுப் போயிகினே இருக்கும். பாயச வாளி பக்கத்துலயே இருந்தாலும் கேக்காது. அதனால புடிச்சது மேல, அதுக்கப்பால புடிச்சது அதுக்குக் கீழ. அடியில ஒரு இருபது, பக்கத்து ஊருல, நீ போனா அழாம படிக்கிற எடமா எழுது. போகவே மாட்டேங்கற எடத்த எழுதாத. எழுதிட்டு கெடச்சா நீதான் மாட்டிக்குவ.

எந்தக் காலேஜு நல்ல காலேஜுன்னு கேக்குறியா? நான் பேரு சொல்லமாட்டேன். நம்ம ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு சுத்தி கல் எறிஞ்சா காலேஜு காம்பவுண்டுல வுழும். எல்லாத்துலயும் கண்ணாடிக் கட்டடம், வாசல்ல நீரூத்து. நீரூத்தயா படிக்கப் போற? பொண்ணு பாக்கப் போறவன் கூடத்துல போட்ட சோபாவ பாத்துட்டு வந்தா சிரிக்கமாட்டாங்களா? அடுப்படிய பாக்கணும்.

நான் 1970ல இந்த ஆவடி டேங்க் ஃபேக்டரியில ஃபிட்டரா சேந்தவன். இரும்போட முப்பத்தஞ்சு வருஷம். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. காலேஜு ஒர்க்‌ஷாப்புக்குள்ள போ. லேத்து மேல கைய வை. கையில எண்ணெய் ஒட்டுச்சுனா அது ஓடுற மெஷின். தூசி ஒட்டுச்சுனா அது ஷோகேஸ் பொம்மை. அப்பால வாசல் டீக்கடைக்கு வா. ரெண்டாம் வருஷப் பசங்க நிப்பாங்க. மொத வருஷத்துக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது, கடைசி வருஷத்துக்காரன் எல்லாத்தையும் மன்னிச்சிருப்பான். ரெண்டாம் வருஷத்துக்காரன்தான் கோவமா இருப்பான், நெசத்த சொல்வான். வாத்தியாரு வர்றாரா? அடிக்கடி மாறுறாரா? அரியர் எத்தினி பேருக்கு? ஒரு டீ வாங்கிக் குடு. பிளாட்டினம் பேக்கேஜு சொல்லாதத அவன் சொல்வான். தேர்ச்சி சதவீதம் வேணும்னா அண்ணா பல்கலைக்கழகமே தன்னோட இணைப்புக் கல்லூரிங்களுக்கு வெளியிடுது. ஓசியில பாரு.

"நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்"னு ஃபிளெக்ஸ் வெச்சிருப்பான். அடியில எறும்பு ஊர்ற எழுத்துல "தகுதியான மாணவர்களில்"னு போட்டிருப்பான். தகுதின்னா யாரு? வேலை கெடச்சவன்தான் தகுதி. அப்ப நூறு வராம இன்னா வரும்? எங்க ஊரு ஜோசியன்கூட இப்படித்தான், பலிச்சத மட்டும் நோட்டுல எழுதி வெப்பான்.

பாடம் பேரு வேற இப்ப நீண்டுகினே போவுது. கம்ப்யூட்டர் சயின்ஸ்ன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுக்குப் பின்னாடி ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர், அது இதுன்னு ரயில் பொட்டி மாதிரி கோத்துகீறான். பஜ்ஜியத்தான் பெரிய ஓட்டல்ல வேற பேரு வெச்சு தட்டுல நாலு வெக்கிறான். மாவு அதேதானா, வாழைக்கா அதேதானான்னு பாக்கணும்ல? ரெண்டு படிப்புக்கும் பாடத்திட்டத்த எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. பத்து பாடம் வேறயா இருந்தா அது வேற படிப்பு. ரெண்டு பாடம்தான் வேறன்னா அது போர்டு. மெக்கானிக்கல், சிவில்னா மூஞ்ச சுளிக்கிற. அம்பத்தூர் எஸ்டேட்டும் ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனியும் கவிதை எழுதியா ஓடுது? எனக்கு இரும்பு மேல பாசம், அத ஒரு கால் பங்கு கழிச்சுட்டுக் கேட்டுக்கோ.

காசு கதைய சொல்லாம வுட்டா உங்கப்பன் என்ன ஏசுவான். காலேஜுல சேர நன்கொடை வாங்கக் கூடாதுன்னு 1992லயே இந்த மாநிலத்துல சட்டம் கீது. அதனால நன்கொடைன்னு எவனும் சொல்றதில்ல. பேர மாத்திக்கிறான். ரசீது குடுன்னு கேளு, பேரு தானா வெளிய வரும், இல்லாட்டி காசு உள்ளயே நிக்கும். கவுன்சிலிங்ல வர்ற சீட்டுக்கு கவுருமென்ட்டு குழு வெச்ச கட்டணம்தான். உங்க வூட்ல பாட்டன், அப்பன், ஆயா, அம்மா, அண்ணன் யாருமே டிகிரி இல்லியே? அப்ப நீ முதல் பட்டதாரி. தாசில்தார் ஆபீஸ் சர்டிபிகேட்டு. இ-சேவையில அறுவது ரூபா. அது இருந்தா கவுன்சிலிங்ல சேந்த சீட்டுக்கு படிப்புக் கட்டணத்துல சலுகை வரும். வூட்டுக்கு ஒருத்தருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுல போயி குந்திகினு அத கேக்காத, வராது. உன் தங்கச்சி ஆறாவதுலருந்து கவுருமென்ட்டு பள்ளிக்கூடமா? அதுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு. அதுல இன்ஜினியரிங் சேந்தா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் கவுருமென்ட்டே கட்டுது. மாசம் ஆயிரம் ரூபா புதுமைப் பெண் திட்டத்துல. 2022லருந்து. பசங்களுக்கு 2024ல தமிழ்ப் புதல்வன். ஏழரைன்னா சனின்னு பயப்படுற ஊருல ஏழரையால புள்ளைங்க டாக்டராவுது, பாத்தியா!

இந்த சர்டிபிகேட்ட எல்லாம் கடைசி நேரத்துல தேடாத. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரின்னு நாலும் இப்பவே பதிஞ்சு வை. ரிசல்ட்டு வந்துட்ட இந்த நேரத்துல இ-சேவை வாசல பாரு, திருப்பதி கியூ தோத்துப் போவும்.

இன்ஜினியரிங்கே வேணாம்னு உனக்குத் தோணுதுன்னா அதையும் வாய்ல சொல்லு. உங்கப்பன் கத்துவான், ராத்திரி சோறு துன்னுட்டு அடங்கிடுவான். டிப்ளமாவுக்குப் பாலிடெக்னிக் கீது. முடிச்சிட்டு நேரா பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேரலாம். அம்பத்தூர்ல கவுருமென்ட்டு ஐ.டி.ஐ. கீது. நான் ஐ.டி.ஐ.தான். என் பென்ஷன்ல காலேஜு படிச்ச என் ரெண்டாவது பையன் இ.எம்.ஐ. கட்டுறான். இத அவன்கிட்ட சொல்லிடாத.

கடைசியா ஒண்ணு. எந்தக் காலேஜுக்காரனாவது "சீட்டு போயிடும், ஒரிஜினல் சர்டிபிகேட்ட இங்க குடுத்துட்டுப் போங்க"ன்னா குடுத்துடாத. அசல புடிச்சு வெக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி.யே 2018ல சொல்லியாச்சு. சரிபாக்க காட்டு, கையோட வாங்கிக்கோ. மாட்ட கட்டிப் போட்டா வெலைய அவன் சொல்வான். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, பேரு வேணாம், அசல குடுத்துட்டு வேற நல்ல எடத்துல சீட்டு வந்தும் போக முடியாம தவிச்சிது. நாலு நடை நடந்து, சண்டை போட்டுத்தான் வாங்குனோம். அன்னிக்கு நான் போட்ட சத்தம் டேங்க் ஃபேக்டரியில கூட போட்டதில்ல.

சரி, எழுந்திரு. உங்கம்மா தேடும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு இதே பெஞ்சுக்கு வா. ஒரு நோட்டு, ஒரு பென்சில், மார்க் ஷீட்டு ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துகினு வா. பட்டியல எழுதிடலாம். அசல வூட்லயே வெச்சுட்டு வா, என்கிட்ட கூட குடுக்காத.